மழை லீவன்று நடந்த மூன்றாம் வகுப்பு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். நாலு வார்த்தை எனக்குத் தெரியும். எழுதத்தான் தெரியாது. அதனால் நான் பேசப் பேச ஆபீஸ் தங்கச்சி ஒருவர் எழுதிக்கொள்கிறார். நான் பேசியதைக் குளிப்பாட்டி, தலை சீவி, பொட்டு வைத்துத்தான் அவர் பேப்பரில் உட்கார வைக்கிறார். கெட்ட வார்த்தை வர வேண்டிய இடத்தில் நல்ல வார்த்தை உட்கார்ந்திருந்தால் அது என் குற்றமில்லை.

என் பதவிக்கு என்ன பெயர் என்று ரிட்டயர் ஆகும்வரை எனக்குத் தெரியாது. ஒரு பல்கலைக்கழகம் என்னை மைய உதவியாளர் என்றது. இன்னொன்று தொழில்நுட்ப ஆதரவு என்றது. மூன்றாவது, அப்படி ஒரு ஆள் இருப்பதையே ஒத்துக்கொள்ளவில்லை. நீங்களும் அந்த வேலைக்குத்தான் வந்திருக்கிறீர்கள். வாருங்கள்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று சிறு விவசாயிகள் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடியெல்லாம் மரமாகி நின்றது. சேரம்பாடிப் பக்கம் நான் வேலை பார்த்த எஸ்டேட்டில் பறிப்பு வேலையைப் பாதியாக்கினார்கள், ஃபேக்டரியை முழுசாக மூடினார்கள். கடைசியாக வெளியே வந்து பூட்டியவன் நான். சாவியை யாரிடம் கொடுக்க என்று கேட்டேன். "நாளைக்கு வாங்கிக்கறோம்" என்றார்கள். அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை.

அப்போதுதான் மூன்று மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரே படிப்பை ஆன்லைனில் நடத்துவது என்று முடிவு செய்தன. தமிழ்நாடும் கேரளமும் கர்நாடகமும் முட்டிக்கொள்ளும் மூலை எங்கள் பக்கம் என்பதால், யாரோ மேப்பைப் பார்த்து மையம் இங்கேதான் என்று புள்ளி வைத்துவிட்டார்கள். அங்கே கட்டிடம் உண்டா என்று பார்க்கவில்லை. நேரில் வந்து பார்த்தபோது, கூரை போட்ட பெரிய இடம் எங்கள் ஃபேக்டரி ஒன்றுதான் இருந்தது. எனக்கு நடந்த இன்டர்வியூவில் ஒரே கேள்வி. "சாவி இருக்கா?"

"இருக்குதுங்க" என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

மேல்மாடியில் வாடல் தளம் இருந்தது. பறித்து வந்த கொழுந்தைப் பரப்பிக் காற்றாட வாடவிடும் நீளமான ஹால். அதிலே பெரிய திரை, கேமரா, மைக் எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். மொட்டை மாடியில் கவிழ்த்த குடை மாதிரி ஒரு டிஷ். படிப்பு ஆசிரியர் பயிற்சி. பாடம் நடத்துவது கேரளத்துக்காரர்கள், பரீட்சை வைப்பது கர்நாடகத்துக்காரர்கள், சர்டிபிகேட் கொடுப்பது நம் ஊர்க்காரர்கள். கொழுந்து ஒரு எஸ்டேட்டுது, அரைத்தது வேறு ஃபேக்டரி, பெட்டி கட்டினது இன்னொரு கம்பெனி என்றால், டீ கசந்தால் யாரைப் பிடித்து உதைப்பது? அந்த மாதிரி ஏற்பாடு.

திரையில் மூன்று கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மாநிலம். மூன்று கட்டத்திலும் ஒரே நேரத்தில் மூஞ்சி தெரிவது அபூர்வம். இங்கே பொங்கல் லீவு முடிந்தால் அங்கே ஹர்த்தால், ஹர்த்தால் முடிந்தால் மற்ற பக்கம் பந்த். மூன்று பேரும் சேர்ந்து தெரிந்த அன்று எங்கள் மாணவர்கள் எழுந்து நின்று கும்பிட்டே விட்டார்கள்.

அந்த மாணவர்களில் ஒருத்திதான் தவமணி. எஸ்டேட் பிள்ளை மடுவத்தில், அதாவது பறிக்கப் போகும் அம்மாக்கள் குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில், ஆயா வேலை. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா வீரமுத்துவை எல்லோரும் கங்காணி என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே அப்படிக் கூப்பிட்டது இங்கேயும் ஒட்டிக்கொண்டது. காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதை 'பெரட்டு' என்பார். பெரட்டில் அவர் நின்றால் மழைகூட வரிசையில்தான் பெய்யும் என்று நாங்கள் சொல்வோம். அவரை யாரும் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை. சொன்னாலும் உட்கார மாட்டார்.

அந்த மாதத்தோடு கங்காணிக்கு வேலை முடிகிறது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அது எஸ்டேட் சட்டம். ஆயா வேலைக்கு வீடு கிடையாது. இருக்கிற ஆள்களுக்கே வேலை இல்லாதபோது புது ஆளாக அவளைப் பறிப்புக்கு எடுக்கவும் மாட்டார்கள். ஆனால் கூடலூரில் ஒரு பள்ளிக்கூடம் தவமணியை டீச்சராக எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தது. தங்க வீடும் உண்டு. பாஸ் ஆகித் திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். அவளுக்குப் பாக்கி இருந்தது ஒரே பரீட்சை. கேமரா முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், மூன்று மாநிலத்து ஆள்களும் ஒரே நேரத்தில் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். வியாழக்கிழமை என்று தேதி கொடுத்திருந்தார்கள். விட்டால் அடுத்த வருஷம்.

இப்போது என் திறமையைக் கேளுங்கள்.

தேயிலைக்காரனுக்கு ஒரே எதிரி ஈரம்தான். டீப்பெட்டிக்குள் ஈரம் போகக் கூடாது என்று உள்ளே ஈயத்தாள் சுற்றுவோம். பளபளவென்று வெள்ளி மாதிரி இருக்கும். பேக்கிங் ரூமில் ஒரு கட்டு மிச்சம் கிடந்தது. புதன்கிழமை சாயங்காலம் வானம் கறுத்தது. மாடிக்குப் போனேன். டிஷ்ஷுக்கு நடுவில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அது அநாதையாக நனையப் போகிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்குப் பிள்ளையின் வாழ்க்கை அல்லவா. ஈயத்தாளை எடுத்து, பதினாறு வயசில் பழகின கையால், மூலை மடித்து, இழுத்து, காற்றுப் புகாமல் சுற்றிக் கட்டினேன். ஃபேக்டரியை நடத்தின டீமேக்கர் பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

வியாழக்கிழமை விடிந்தபோது ஒரு சொட்டு மழை இல்லை. பளிச்சென்று வெயில். எஸ்டேட் ஸ்கூலிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். தவமணி நீலப் புடவையில் நின்றாள். நான் திரையைப் போட்டேன். கறுப்பு.

போன் அடித்தது. கேரளத்து சார்.

"அவிடே எங்களைக் காணுன்னுண்டோ?"

"இல்லீங்க சார். கறுப்பா இருக்குது."

"கறுப்போ? இவிடே நல்ல வெளிச்சமாணல்லோ."

அடுத்து கர்நாடகத்து மேடம். "நம்ம சைடுல ப்ராப்ளம் ஏனும் இல்லா. தமிழ்நாடு சைடு கேளுங்க." தமிழ்நாட்டு சாரைக் கேட்டால், "எங்க சைடுல எல்லாம் சரியா இருக்குன்னு மேல எழுதிட்டேன்பா. இனி கெடக் கூடாது" என்றார்.

கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். திரை ஏன் வேலை செய்யவில்லை என்று பேச உடனே ஒரு அவசரக் கூட்டம். எங்கே? திரையில்.

கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். நாங்கள் கறுப்புத் திரைக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தூங்க ஆரம்பித்தன. தவமணி சாய்கிற தலைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில் நின்றுகொண்டிருந்த கங்காணி மேலே பார்த்துச் சத்தம் போட்டார்.

"என்னாப்பா அது, குடை மூக்குல வெள்ளிக் கிண்ணம் கட்டி வச்சிருக்கே?"

"ஈயத்தாளுங்க கங்காணி. ஈரம் போகாதுங்க. டீப்பெட்டிக்குச் சுத்தற மாதிரி நல்லா டைட்டா சுத்தியிருக்கேனுங்க."

"ஈரம் போகாது, சரி. வேற ஏதும் போகுமா?"

நான் யோசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக மாடிப்படி ஏறியதில்லை. தாளை உரித்தவுடன் கீழே பிள்ளைகள் கூச்சலிட்டது கேட்டது, படம் வந்துவிட்டது. ஆனால் படத்தில் மூன்று காலி நாற்காலிகள். அவசரக் கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். சாயங்காலம்தான் பிடிக்க முடிந்தது. அடுத்த வருஷம் என்றவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடினோம். "நாளை காலை" என்றார்கள். சனிக்கிழமை ஒரு பக்கம் லீவு. ஆக வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் பாக்கி.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய வேலையில் நீங்கள் கெட்டிக்காரராக இருந்தால் புது வேலையில் ஜாக்கிரதையாக இருங்கள். எனக்குச் சரியாகச் சுற்றத் தெரியாமல் இருந்திருந்தால் ஓட்டை வழியாகக் கொஞ்சம் படமாவது வந்திருக்கும்.

அன்று ராத்திரி ஆரம்பித்த மழை காலையிலும் விடவில்லை. தேவாலாப் பக்கம் ஓடை ரோட்டுக்கு வந்துவிட்டது என்றார்கள். ரேடியோவில் சொன்னார்கள், நீலகிரி மாவட்டத்தில் பள்ளிகளுக்கு இன்று மழை லீவு.

தவமணி குடையை மடித்துக்கொண்டு மாடியேறி வந்தாள். அதே நீலப் புடவை. ஹாலில் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

"அண்ணே, லைன் வீடு லைன் வீடாப் போயிட்டு வந்தேன். ஒரு தாயும் பிள்ளைய அனுப்ப மாட்டேங்குது. நானா இருந்தாலும் அனுப்ப மாட்டேன். ஓடையில அப்புடி தண்ணி."

அவள் சொல்லும்போதே திரையில் மூன்று கட்டத்திலும் மூஞ்சி வந்துவிட்டது. நேற்றுக் காலை வெயிலில் வராத படம், இன்றைக்குக் கொட்டுகிற மழையில், கட்டம் கட்டமாக உடைந்தாலும், வந்துவிட்டது. மெஷினுக்கும் நம்மைப் பார்த்தால் விளையாடத் தோன்றும்.

கீழே பார்த்தேன். மழையில் பறிப்பு இல்லை. வேலை இல்லாவிட்டாலும் காலையில் எங்கள் ஆள்கள் ஃபேக்டரி வாசலுக்கு வந்துவிடுவார்கள், பழக்கம். தாழ்வாரத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பறிக்கிற பெண்கள் கூடையோடு, இடுப்பில் ஈரம் தாங்கக் கட்டின படங்குச் சாக்கோடு. ஃபேக்டரியில் இலை உருட்டின பழைய ரோலர் ஆள்கள். கம்பளி போர்த்திக்கொண்டு கங்காணி.

"ஏனுங்க, எல்லாரும் மேல வாங்க" என்று கூப்பிட்டேன். "மூணாங்கிளாஸ்ல கொஞ்ச நேரம் உக்காரணுமுங்க."

"மூணாங்கிளாஸா? நான் ஒண்ணே முடிக்கலியே" என்றாள் கூடைக்காரி ராசாத்தி.

"நான் மட்டும் முடிச்சனாக்கும். வாங்க."

வந்து உட்கார்ந்தார்கள். நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கங்காணி மட்டும் கதவோரம் நின்றார். "நான் மழைக்கு ஒதுங்குனவன். பாடத்துக்கு வரல."

நான் தவமணியிடம் ரகசியமாகச் சொன்னேன். "அம்மணி, படம் மங்கலாத்தான் தெரியும். வளந்த புள்ளைகன்னு நெனச்சுக்குவாங்க. நீ ஒண்ணும் சொல்லாத."

அவள் ஒரு நிமிஷம் தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு மைக்கைப் பிடித்தாள்.

"வணக்கம். இங்க இன்னைக்கு மழை லீவு. பிள்ளைக வரல. இவங்க எஸ்டேட்ல வேலை செய்யிறவங்க. இவங்களுக்குப் பாடம் நடத்தட்டுமா?"

போச்சு என்று நினைத்தேன். உங்கள் வேலையிலும் இப்படி ஒரு நிமிஷம் வரும். படம் மங்கலாக இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். நான் அப்படி நினைத்தவன், அதனால்தான் கடைசி வரிசையில் இருந்தேன். அவள் நினைக்கவில்லை, முன்னால் நின்றாள்.

கேரளத்து சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஞங்கள் பக்கம் இன்னு லீவு இல்லா. பார்டர் தாண்டிக் கொறச்சு குட்டிகளைக் கொண்டு வரலாமே?"

"அவங்க வேற சிலபஸ்" என்றார் தமிழ்நாட்டு சார். "செக்போஸ்ட்ல என்னன்னு சொல்லிக் கொண்டுவர்றது? சரக்குன்னா?"

கர்நாடகத்து மேடம் ஏதோ பேப்பரைப் புரட்டினார். "ரூல்ல ஸ்டூடென்ட்ஸ் வேணும்னு இதே. வயசு போட்டில்லா."

"வயசு போடலேன்னா போட மறந்துட்டாங்கன்னு அர்த்தம் மேடம்."

"மறந்தது யார் சைடு?"

மூன்று கட்டமும் அமைதியாகிவிட்டது. படம் நின்றுவிட்டதோ என்று நான் எழப் போனேன். நிற்கவில்லை. மூன்று பேருக்கும் தங்கள் சைடுதான் மறந்திருக்குமோ என்று பயம். நம்மைப் போலவே அவர்களுக்கும் மேலே ஒரு ஆள் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"வயசு பிரச்சினை இல்லை. நடத்தட்டும்" என்றார்கள் மூவரும், ஒருவர் முடிக்கும் முன் ஒருவர்.

மழை எப்படி வருகிறது என்பதுதான் பாடம். வெளியே அதுவே சாட்சியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. தவமணி போர்டில் ஒரு மலை வரைந்தாள், மேகம் வரைந்தாள்.

"மழை எதுக்குப் பெய்யுது? யாரு சொல்றீங்க?"

ராசாத்தி கையைத் தூக்கினாள். "அட்டை கடிக்கிறதுக்கு, டீச்சர்."

"கடைசி பெஞ்ச், நீ சொல்லு." என்னைத்தான்.

நான் எழுந்தேன். பள்ளிக்கூடத்துக்கே போகாதவனுக்கு முதல் கேள்வி. மூன்று மாநிலம் என்னைப் பார்க்கிறது. "கலெக்டர் லீவு உடறதுக்குங்க டீச்சர்."

கேரளத்து சார் சிரித்துவிட்டார். தவமணி சிரிக்கவில்லை. "சரி, லீவு விடுற அளவுக்குத் தண்ணி அவ்வளவு மேல எப்புடிப் போச்சு? அதைச் சொல்லு" என்றாள். அங்கேயிருந்து பிடித்து இழுத்தாள் பாருங்கள், பாடத்தை. கெட்டிலில் ஆவி, டிரையரில் வேகும் இலையிலிருந்து போகும் ஈரம், மலையில் முட்டும் மேகம். ரோலர் ஆள் ஒருவர் எழுந்து நின்று, "அப்ப நாம டிரையர்ல விரட்டுன ஈரமெல்லாம் மேல போயித் திரும்ப நம்ம தலையிலதான் ஊத்துதா?" என்று கேட்டார். "ஆமா" என்றாள். "துரோகம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கே புரிய ஆரம்பித்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

நன்றாகப் போனால் என் கை சும்மா இருக்காது.

ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. ஃபேக்டரி மூடின பிறகும் சங்கு நிற்கவில்லை. வாடல் தளத்துப் படிக்கட்டு முகப்பில் கையால் சுற்றுகிற பழைய சங்கு ஒன்று உண்டு. லைன் வீடுகளில் உலை வைப்பதும் பஸ்ஸுக்கு ஓடுவதும் அதைக் கேட்டுத்தான். நிறுத்தினால் ஜனங்கள் என்னைப் பிடித்துச் சுற்றுவார்கள் என்று நானே அதைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு, மேகம் மலையில் முட்டுகிற கட்டத்தில், மதியம் ஆகிவிட்டது. நான் எழுந்தேன். எழுந்தது எனக்குத் தெரியாது. படிக்கட்டுக்குப் போனேன், கைப்பிடியைப் பிடித்தேன், சுற்றினேன். கால் தானாகப் போனது, கை தானாகச் சுற்றியது, புத்தி மட்டும் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்து மழையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது.

சங்கு ஊதியதும் வகுப்பு முழுக்க எழுந்தது. ஒருவர்கூட யோசிக்கவில்லை. கூடையைத் தோளில் மாட்டினார்கள், சாக்கைக் கட்டினார்கள், வரிசையாகக் கதவைப் பார்த்து நடந்தார்கள். முன்னால் கங்காணி, "ம், நடங்க, நடங்க" என்றபடி.

"யாகே? எல்லாரும் ஏன் போறாங்க?" என்றார் மேடம். "ஸ்ட்ரைக்கா?"

ஸ்ட்ரைக் என்ற சொல்லைக் கேட்டதும் கேரளத்து சாரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்கும் அது பழக்கம்.

கைப்பிடியைப் பிடித்தபடி நான் அப்படியே நின்றேன். வீடு போச்சு, பள்ளிக்கூடம் போச்சு, நேற்று ஈயத்தாள், இன்று சங்கு. ஒரே குடும்பத்தை இரண்டு நாளில் இரண்டு தடவை ஒருத்தன் காலி செய்ய முடியுமா? முடியும், நான் இருந்தால்.

தவமணி ஓடவில்லை. கதவுக்குக் குறுக்கே போய் நிற்கவும் இல்லை. போர்டுக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்று, குரலைக் கொஞ்சம் இறக்கினாள்.

"சங்கு அடிச்சிருச்சு, சரி. வகுப்பு முடிஞ்சுதுன்னு நான் சொல்லலியே."

நடந்தவர்கள் நின்றார்கள். ராசாத்தி கூடையை இறக்கினாள். ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்தார்கள். கங்காணி மட்டும் கதவுக்கு வெளியே ஒரு காலை வைத்துவிட்டார்.

"வாசல்ல நிக்கிற பையன்" என்றாள் தவமணி. "கம்பளி போட்டவன்."

கங்காணி திரும்பவில்லை. ஆனால் நின்றுவிட்டார். அவரை அப்படிக் கூப்பிட எஸ்டேட் துரைக்கே தைரியம் வந்ததில்லை.

"வெளிய மழை. நனைஞ்சுருவே. உள்ள வந்து உக்காரு." கொஞ்சம் பொறுத்து, அதே குரலில், "இல்லேன்னா நாளைக்கு உங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு வரணும்."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். கங்காணி திரும்பினார். மகளைப் பார்த்தார். பெரட்டில் ஆள்களைப் பார்ப்பாரே, உச்சி முதல் பாதம் வரை, அந்தப் பார்வை. கம்பளியை எடுத்து மடித்தார். நடந்து வந்து, முதல் வரிசையில், பெண்களுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சரிங்க டீச்சர்" என்றார்.

அவள் சாக்பீஸை எடுத்து, மேகம் மலையில் முட்டிய இடத்திலிருந்து தொடர்ந்தாள். குரல் ஒரு இடத்தில் உடைந்தது. படமும் அதே நேரத்தில் உடைந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

பாடம் முடிந்ததும் திரையில் மூன்று பேரும் குனிந்து ஏதோ எழுதினார்கள்.

"நம்ம சைடு ஓகே" என்றார் மேடம்.

"இவிடெயும்" என்றார் கேரளத்து சார். பையைக் கீழே வைத்திருந்தார்.

தமிழ்நாட்டு சார் இருபக்கமும் பார்த்தார். "ரெண்டு சைடும் ஓகேன்னா எங்க சைடு எதுக்குத் தடுக்கப்போகுது? பாஸ்."

அந்தக் கூட்டு ஏற்பாட்டில் மூன்று மாநிலமும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்துக்குச் சரி சொன்னதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். திங்கட்கிழமை தவமணி கூடலூர் பஸ் ஏறினாள். மாதக் கடைசியில் கங்காணியும் கட்டில், சட்டி பானையோடு அங்கே போய்ச் சேர்ந்தார். உங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் லைன் வீடுகளில் ஒரு குடும்பம் தானாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனது அந்த வருஷத்தில் அது ஒன்றுதான்.

நீங்கள் மெஷினைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. முதலில் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பாருங்கள். அப்புறம் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

அன்றைக்குத் திரையை அணைத்து, மைக்கைச் சுருட்டி, ஆள்களைக் கீழே அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தவமணி போர்டை அழித்துக்கொண்டிருந்தாள். கங்காணி முதல் வரிசையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதுங்க கங்காணி. எந்திரிங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"டீச்சர் இன்னும் சொல்லல."